ஜப்பானில் விளையாட்டுப் பண்பாடு: கல்விப் பயணம் குறித்த கேள்வி–பதில்

கேள்வி: உடற்கல்வி மாணவர்களின் ஒரு வார ஜப்பான் பயணத்தில் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கம், ஒலிம்பிக் அருங்காட்சியகம், கோடோகன் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. இவை போதுமா?

பதில்: போதா. ஆளில்லாத அரங்கமும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பதக்கமும் எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். கானோ ஜிகோரோ 1882இல் நிறுவிய ஜூடோ கழகமான கோடோகன் மட்டும் இதற்கு விலக்கு. அங்கு பயிற்சி நடக்கும் மாலை வேளையில் சென்று, படமெடுப்பதைக் குறைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: ஆகஸ்டு பயணத்துக்கு விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. சுமோ பெருந்தொடரைக் காண இயலுமா?

பதில்: இயலாது. பதினைந்து நாள் நீளும் பெருந்தொடர்கள் சனவரி, மே, செப்டம்பரில் டோக்கியோவிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், சூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோகாவிலும் நடைபெறுகின்றன. இது சீட்டு எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: சுமோ களத்தில் பெண்கள் கால்வைக்கக் கூடாது என்பதை மாணவிகளிடம் எப்படி விளக்குவது?

பதில்: மழுப்பாமல் விளக்கலாம். தோஹ்யோ எனப்படும் களிமண் மேடையைப் புனிதமாகக் கருதும் மரபு பெண்களை அதில் ஏறவிடுவதில்லை. 2018இல் மைட்சுரு நகரில் அம்மேடையில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்யச் சென்ற பெண்களை இறங்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்ததற்காகச் சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கோரினார். ஆயினும் தடை நீடிக்கிறது. மாணவிகள் வாதிடட்டும், பயணத்தின் பயன் அதுவே.

கேள்வி: கோஷியெனில் தோற்ற மாணவர்கள் அழுதுகொண்டே மண்ணை அள்ளும் காணொளி நெகிழ வைக்கிறது. அந்த ஒழுக்கத்தை நம் மாணவர்கள் கற்க வேண்டாமா?

பதில்: நெகிழ்ச்சி ஆய்வாகிவிடாது. 1915இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலின் கோடைத் தேசியப் போட்டி, நிஷினோமியாவில் 1924இல் கட்டப்பட்ட கோஷியென் அரங்கில் நடைபெறுகிறது. தகுதிச் சுற்றுகளில் வென்ற 49 பள்ளிகள் மோதும் அதில் ஒரு தோல்வியே வெளியேற்றம் என்பதால், தோற்றவர்கள் அம்மண்ணை நினைவாக எடுத்துச் செல்கின்றனர். அந்த மண்ணின் விலையையும் கணக்கிட வேண்டும். 2018இல் கானாஆஷி வேளாண்மைப் பள்ளியின் வீச்சாளர் ஆறு ஆட்டங்களில் 881 பந்துகள் வீசினார். வளரும் வயதினரின் தோளும் முழங்கையும் இதைத் தாங்குமா என்ற விவாதம் வலுத்து, ஒருவர் வாரத்துக்கு 500 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்ற வரம்பு 2020இல் வந்தது. கடும் வெயிலால் 2024இல் தொடக்க நாள்களின் ஆட்டங்கள் காலை, மாலை எனப் பிரிக்கப்பட்டன. இவற்றின் வேர் புகாட்சு, அதாவது வகுப்புகள் முடிந்தபின் ஆசிரியர் பொறுப்பில் நடக்கும் மாணவர் குழுப் பயிற்சி. பிறப்பு விகிதம் சரிந்து உறுப்பினர் குறைந்ததாலும், விடுமுறையையும் இழக்கும் ஆசிரியரின் சுமையாலும், நடுநிலைப் பள்ளிகளின் வார இறுதிப் பயிற்சியை உள்ளூர்க் கழகங்களிடம் ஒப்படைக்கும் சீர்திருத்தம் 2023 முதல் படிப்படியாக நடந்துவருகிறது. ஆகவே, ஒழுக்கத்தைப் புகழ்வோர் முதலில் ஒரு சாதாரணப் பள்ளியின் அனுமதி பெற்று, அதன் மாலைப் பயிற்சியை முழுவதும் பார்த்து, ஆட வாய்ப்பே கிடைக்காத மாணவரிடமும் வீடு திரும்பாத ஆசிரியரிடமும் பேசட்டும். அதன்பின் எதைக் கற்பது, எதை விடுவது என்பது தானே விளங்கும்.

கேள்வி: பயண அறிக்கை எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

பதில்: ஒரு மாணவருக்கு ஒரு கேள்வியும் அதற்கு அங்கே கிடைத்த விடையும் போதும். குழுப் படங்களைப் பின்னிணைப்பில் சேர்க்கலாம். அவற்றுக்கு மதிப்பெண் இல்லை.