லென்ஸின் விலையும் சிகிச்சையின் செலவும்

மாணவர்களே! கண்புரை அறுவைச் சிகிச்சைக்கான ரசீதைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ‘லென்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் தொகை குறைந்தால் சிகிச்சையே மலிவாகிவிட்டது என்று எண்ணுவோம். அப்படித்தானா?

நம் கண்ணிலுள்ள இயற்கை லென்ஸின் திறன் சுமார் 20 டயாப்டர். குவியத் தூரம் 1/20 மீட்டர், அதாவது 5 செ.மீ. முற்காலத்தில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, ஏறத்தாழ +10 டயாப்டர் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். கண்ணுக்குள் எதையும் பொருத்தாததால் கருவிச் செலவு அற்பம். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே பொருள்கள் கால் பங்கு பெரிதாகத் தெரியும். மற்றக் கண் நன்றாக இருந்தாலோ, அளவு வேறான இரு பிம்பங்களை மூளையால் ஒன்றாக்க முடியாது. கண்ணாடி உடைந்தால் வேலையும் போயிற்று. இந்த இழப்பு எந்த ரசீதிலும் ஏறவில்லை!

1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகப் பிளாஸ்டிக் லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் அழற்சி உண்டாக்காததைக் கவனித்தவர் அவர். நம் நாட்டில் வெகுகாலம் அது இறக்குமதிச் சரக்கு. விலை ஏறக்குறைய 100 டாலர். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த அரோலேப் இதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது.

சரி, லென்ஸ் மலிந்துவிட்டது. மற்றச் செலவுகள்? புரையைக் கேளா ஒலியால் உடைத்து உறிஞ்சும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் விலை 20 லட்சம் ரூபாய், ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 சிகிச்சை நடந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 1,000 ரூபாய் விழும். 4,000 நடந்தால் வெறும் 50 ரூபாய்தான். இயந்திரம் அதேதான்! லென்ஸில் 200 ரூபாய் பேரம் பேசிக்கொண்டே இந்த 950 ரூபாயைக் கோட்டைவிடுவது எளிது. மருத்துவரின் நேரமும் இப்படித்தான். அரவிந்தில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகிவிடுகிறார், மருத்துவர் காத்திருப்பதில்லை.

அந்த இயந்திரம் இல்லாமல் கையாலேயே, தையல் போடாமல் செய்யும் முறையும் உண்டு. 2007-இல் வெளியான நேபாள ஆய்வொன்றில் இரு முறைகளிலும் பார்வை நன்றாகவே அமைந்தது. கைமுறை விரைவாகவும் மலிவாகவும் இருந்தது. ஆனால் அதில் வெட்டு 6 மி.மீ.க்கு மேல். இயந்திர முறையில், விலை கூடிய மடிப்பு லென்ஸ் 3 மி.மீ. துளை வழியே நுழைந்துவிடும். வெட்டு சிறிதானால் கருவிழியின் வளைவும் குறைவாகவே மாறும்.

ஆண்டுக்கு 500 சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் எத்தனை நாள் கூலி போகும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.