“தெரியும்” என்று சொல்வது யார்?

நாளை அறிவியல் தேர்வு. பாடத்தை நான்காவது முறையாகப் புரட்டுகிறீர்கள். எல்லாம் பழகிய வரிகளாகத் தோன்றுகின்றன. “எனக்குத் தெரியும்” என்று புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். அந்தத் தீர்ப்பைச் சொன்னது யார்? உங்கள் மனம்தான். அந்த நீதிபதியை எவ்வளவு நம்பலாம்?

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு, ஒரு சிறு கட்டுரையை நான்கு தவணைகளிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு தவணைதான் படித்தது; மீதி மூன்று தவணைகளில் கட்டுரையைப் பாராமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில், படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடமோ நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61!

இன்னொரு வேடிக்கை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தாம்.

காரணம் என்ன? அடையாளம் காண்பது வேறு. நினைவிலிருந்து வரவழைப்பது வேறு. தெருமுனைக் கடைக்காரரை எங்கு பார்த்தாலும் உங்களுக்குத் தெரியும். அவர் முகத்தைத் தாளில் வரையச் சொன்னால்? தேர்வுத் தாள் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

புத்தகத்தை மூடிய கையோடு ஒப்பித்துப் பார்ப்பதும் ஏமாற்றும். சொற்கள் அப்போது குறுகிய கால நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சற்று நேரம் கழித்து மதிப்பிட்டால் கணிப்பு மிகவும் சரியாக அமைகிறது என்று நெல்சன், டன்லாஸ்கி இருவரும் 1991-இல் காட்டினார்கள். ஆகவே, படித்து முடித்ததும் கடைக்குப் போய் வாருங்கள், பிறகு எழுதுங்கள்.

இப்போதே ஒரு கேள்வி: நிலவு ஏன் தேய்கிறது? அடுத்த வரியைப் படிக்காமல் எழுதுங்கள்.

“பூமியின் நிழல் விழுவதால்” என்று எழுதினீர்களா? அது சந்திர கிரகணம்; பௌர்ணமியன்றுதான் நிகழும். சூரிய ஒளி நிலவின் ஒரு பாதியில் விழுகிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பதே பிறையின் அளவு. இந்தத் தவறு மறதியால் வந்ததன்று. எத்தனை முறை பாராமல் எழுதினாலும் தானாகத் திருந்தாது. எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

எழுதுவதற்கு முன், பத்துக்கு எவ்வளவு வரும் என்று தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். திருத்தியபின் உண்மையில் வந்த மதிப்பெண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.