செப்டிக் டாங்கியும் வீட்டுக்காரர் கடமையும்

கணக்குப் புத்தகத்தைத் தினமும் புரட்டிப் பார்க்கும் வியாபாரிகளாகிய நாம், வீட்டுக்கும் கடைக்கும் பின்னால் மண்ணுக்கடியில் கிடக்கும் ஒரு தொட்டியை வருஷக்கணக்கில் நினைப்பதே இல்லை. கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்று, துர்வாடை கிளம்பி, அண்டை வீட்டார் முகம் சுளிக்கும்போதுதான் அதன் ஞாபகம் வருகிறது. செப்டிக் டாங்கி என்று நாம் அழைக்கும் அந்த மலத்தொட்டியே இம்மாதப் பாடம்.

சிங்கப்பூர் அன்பர்களுக்கு இதில் அதிகக் கவலை இல்லை. அங்கே வாளிக் கக்கூஸ் முறை 1987-ம் வருஷத்தோடு ஒழிந்தது. இன்று கழிவு பொதுக் குழாயில் போய்விடுகிறது. மலேசியாவிலும் பெரிய நகரங்களில் பொதுக் குழாய் உண்டு. ஆனால் சிற்றூர்களிலும், கம்பங்களிலும், பழைய கடைவீட்டு வரிசைகள் பலவற்றிலும் வீட்டுக்கு வீடு தனித்தொட்டிதான்.

தொட்டி வேலை செய்யும் விதம் எளியது. உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே போகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சேற்றில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மீதி தங்கிவிடும். வருஷம் ஏற ஏறச் சேறும் ஏறும். பிறகு வரும் கழிவுக்குப் படிய இடமுமில்லை, நேரமுமில்லை. அப்படியே வெளியேறிச் சாக்கடைக்கும், மண்ணுக்கும், ஆற்றுக்கும் போகும். ஒழுங்காக ஓடும் தொட்டியிலிருந்து வரும் நீரிலேயே நோய்க்கிருமிகள் உண்டு. சேறு நிறைந்த தொட்டியைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? கிளந்தான் பக்கத்தில் இன்றும் பல வீடுகளில் கிணற்று நீரே குடிக்கவும் ஒளு செய்யவும் ஆகிறது. நம் தொட்டியைக் கவனியாமல் விட்டால், டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வரலாம்.

எப்போது இறைப்பது? தொட்டி பொங்கும்வரை காத்திருக்கலாகாது. மலேசியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆள் நிறைந்த வீடானால் அதற்கு முன்பே தேவைப்படும். நீண்ட கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிமட்டும் இறக்கி எடுத்தால் கறை எவ்வளவு உயரம் என்று தெரியும். தொட்டியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சேறு வந்துவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். இதையும் வருகிற தொழிலாளரைக் கொண்டே பார்க்கச் செய்வது நல்லது. மூடி திறந்திருக்கையில் குனிந்து பார்ப்பதும், பக்கத்தில் சிகரெட் பற்றவைப்பதும் கூடவே கூடாது. "இந்தப் பொடியைப் போட்டால் இறைக்கவே வேண்டாம்" என்று விற்க வருவோரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். வேண்டிய நுண்ணுயிர்கள் கழிவோடு தாமே வந்து சேர்கின்றன. அவற்றைக் கொல்லும் பிளீச்சையும் ஆசிட்டையும் அளவின்றி ஊற்றாதிருந்தால் போதும்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குத் தனியே ஒரு சொல். நாசி கண்டார் கடையில் ஒரு நாள் ஓடும் எண்ணெய், ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். சூடாக ஊற்றும்போது தண்ணீர்போல் ஓடும் எண்ணெய், குழாய்க்குள் ஆறியதும் மெழுகாய் உறைந்து நிற்கும். கொழுப்புத் தடுப்புத் தொட்டியை அடிக்கடி வழித்தெடுக்க வேண்டும். பழைய எண்ணெயைத் தகர டின்னில் சேர்த்து வைத்தால் விலை கொடுத்து வாங்க ஆளிருக்கிறது. வாகன எரிபொருள் செய்ய அது போகிறது. காசு வரும் பொருளைக் காசு கொடுத்து அடைப்பெடுக்கும்படி குழாயில் ஊற்றுவது எந்த வியாபாரக் கணக்கு?

இன்னொரு வழக்கம் நம்மவரிடையே பரவியிருக்கிறது. வரிசை வீடுகளில் பின்புறத்தை இழுத்துக் கட்டிச் சமையலறையைப் பெரிதாக்குகிறோம்; தொட்டியின் மூடிமேல் அழகாக ஓடு பதித்துவிடுகிறோம். லாரி வரும் நாளில் மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. கட்டுகிறவர்கள் மூடியை வெளியே விட்டுக் கட்டட்டும்; முடியாவிட்டால் திறக்கும்படி வைக்கட்டும்.

இனி, ஆள் அமர்த்தும் விஷயம். 2006-ம் வருஷத்து நீர்ச்சேவைத் தொழில் சட்டப்படி இத்தொழிலை மேற்பார்ப்பது ஸ்பான் என்னும் தேசிய நீர்ச்சேவை ஆணையம். அதன் அனுமதி பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். இண்டா வாட்டர் பல மாநிலங்களில் இவ்வேலையைச் செய்கிறது. கிளந்தான், சபா, சரவாக் அதன் எல்லைக்கு வெளியே. விலையை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். பின் சந்துக்கு லாரி வருமா, குழாய் நீளம் எட்டுமா என்று பேசிக்கொள்ளுங்கள். தொட்டிக்கு இரண்டு அறை இருந்தால் இரண்டு மூடியும் திறக்கப்பட வேண்டும். மேல்நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு சேற்றை விட்டுப்போகிறவர்களும் உண்டு. அருகில் நின்று பாருங்கள், ஆனால் எட்டி நின்று. வெடிப்பு உண்டா, உட்குழாயும் வெளிக்குழாயும் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த சேறு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டு ரசீது வாங்குங்கள். பாதி விலை சொல்கிறவர் அதை இரவில் ஆற்றோரம் கொட்டினால், அது நம் வீட்டுக் கழிவுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. நூறு வெள்ளி மிச்சமென்று யாரோ ஒரு கூலியாளைத் தொட்டிக்குள் இறக்கிவிடாதீர்கள். அடியிலே அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். அது காற்றைவிடக் கனமானது. மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைக்கும்போதே ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் விழுவான். இப்படி ஒருவர்பின் ஒருவராய் இறந்த விபத்துகள் பல தேசங்களில் உண்டு. அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு மலேசியாவில் 2010-ம் வருஷத்து விதிமுறை இருக்கிறது: பயிற்சி பெற்றவர், காற்றைச் சோதிக்கும் கருவி, வெளியே காவல் நிற்பவர் ஆகியவை இல்லாமல் எவரும் இறங்கக்கூடாது. ஊரில் வீடு கட்டியிருப்போரும் கவனிக்க: பாதுகாப்புச் சாதனமின்றி மலத்தொட்டிக்குள் ஆளை இறக்குவது இந்தியாவில் 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டு வருஷம்வரை சிறை உண்டு.

எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். மற்றவர்களை விலக்கி நிறுத்தி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணைக் கூப்பிட்டு, விஷவாயு உள்ள தொட்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.