வண்ணக் கெண்டை சண்டை போடுமா?

மீன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழம்புதான் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது குழம்புக்குப் போகாத மீனைப் பற்றி. பெரிய ஓட்டல்களிலும் கம்பெனி வளாகங்களிலும் சிவப்பும் வெள்ளையுமாகக் குளத்தில் திரிகிறதே, கோய் மீன், அதுதான். 2000-ல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து நம் தரமணியைச் சுற்றி அலுவலகக் கட்டடங்கள் பெருகிவிட்டன. சில இடங்களில் இந்த மீன் குளமும் உண்டு. அங்கெல்லாம் அடிக்கடி கேட்கிற புகார்: "மீன் சண்டை போடுது, ஒண்ணை ஒண்ணு விரட்டியே கொல்லுது!"

உண்மையில் இது சண்டைக்கார ஜாதியே இல்லை. ஜப்பான் மொழியில் 'கோய்' என்றால் கெண்டை, அவ்வளவுதான். நிகாட்டா மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டையில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறம் தட்டியது. அதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். 1914-ல் டோக்கியோ பொருட்காட்சிக்குப் பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த சாதாக் கெண்டைக்கு இது நெருங்கிய சொந்தம். வாயில் பல்லே கிடையாது. பல் இருப்பது தொண்டைக்குள். கடிக்க நினைத்தாலும் எப்படிக் கடிக்கும்?

நிஜமாகச் சண்டை போடும் மீனைப் பார்க்க வேண்டுமென்றால் ஏரிக்குப் போங்கள். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று தமிழ்நாட்டு ஏரி குளங்களில் எங்கும் இருக்கிறது. அதில் ஆண், தரையில் கிண்ணம் போலப் பள்ளம் பறித்து, பக்கத்தில் வருகிறவனை முட்டித் தள்ளும். கொளத்தூர் கடைகளில் பாட்டிலுக்கு ஒன்றாக விற்கிற ஃபைட்டரும் அப்படித்தான், நுரைக் கூடு கட்டிக் காவல் காக்கும். கோய்க்குப் பள்ளமும் இல்லை, கூடும் இல்லை. பாசியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். பசித்தால் தன் முட்டையையே தின்னும்! காக்க வீடு இல்லாதவனுக்கு எல்லைத் தகராறு எதற்கு?

அப்படியானால் அந்த விரட்டல் என்ன?

என் அப்பா ஓர் அலுவலக வளாகத்தில் தோட்ட வேலை செய்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே குளத்தில் நாலைந்து மீன்கள் சேர்ந்து ஒரு பெரிய மீனைத் துரத்தி, சுவரோடு வைத்து முட்டின. செதில் உதிர்ந்தது. "முரட்டு மீனையெல்லாம் எடுத்துக் கடாசு. ஒண்ணு செத்தாலும் உன் சம்பளத்துல பிடிப்பேன்" என்றார் மேற்பார்வையாளர். அப்பா மூன்று நாள் விடியலுக்கு முன்பே போய்ப் பார்த்தார். "தம்பி, இது சண்டையில்ல. விடியக்காலைலதான் துரத்துது. புதுத் தண்ணி விட்ட மறுநாள் ஜாஸ்தி. சண்டைன்னா மத்தியானமும் இருக்கணுமே" என்றார். துரத்துகிறவை ஒல்லி, துரத்தப்படுவது வயிறு பருத்தது. ஒல்லியானதைப் பிடித்து ஈரக்கையால் செவுள் மூடியைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு மட்டும் வரும் சிறு கொப்புளங்கள் அவை. ஆண்கள் முட்டுவதே பெண் முட்டையிடத்தான்! நம் ஊர் வெப்பத்தில் இது எந்த மாதமும் நடக்கலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரையும், ஜூலை, ஆகஸ்டிலும் அதிகம்.

அப்பா ஆகாயத்தாமரையை வேரோடு கழுவி மிதக்கவிட்டார். மறுநாள் வேர் முழுக்க ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன முட்டைகள். களைத்துப்போன பெண் மீனை ஏர் பம்ப் வைத்த தொட்டிக்கு மாற்றினார். எந்த மீனையும் கடாச வேண்டியிருக்கவில்லை, சம்பளமும் முழுசாக வந்தது. நான் புத்தகத்தில் பிறகு படித்ததை அவர் கரையில் உட்கார்ந்தே படித்துவிட்டார்.

தீனி நேரத்துத் தள்ளுமுள்ளு வேறு விஷயம். மயிலாப்பூர் தெப்பக்குளத்தில் பொரி போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமே, அது பசி. ஒரே மூலையில் போடாமல் நாலு பக்கமும் தூவ வேண்டும். பெரிசையும் சிறிசையும் ஒன்றாக விட்டால் சிறிசு பட்டினிதான்.

கவலைப்பட வேண்டியது வேறொரு ஓட்டம். ஒரு மீன் எதையும் துரத்தாமல் தானே வெறிபிடித்தாற்போல் பாய்ந்தால், சுவரில் உடம்பைத் தேய்த்தால், அது மீன் பேனாக இருக்கலாம். எல்லா மீனும் ஒரே சமயத்தில் பாய்ந்தால் தண்ணீரைச் சந்தேகிக்கவும். குளோரின் போட்ட தண்ணீரை அப்படியே திறந்துவிட்டால் செவுள் வெந்துபோகும். நெருக்கமாக விட்ட குளத்தில் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் அதே வேலையைச் செய்யும். இந்த நேரத்தில் 'முரட்டு மீனை'ப் பிடித்து வெளியே போட்டு என்ன பயன்? மிச்ச மீனும் அதே தண்ணீரில்தானே கிடக்கிறது!

மூச்சுப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான். இரவில் பாசியும் அதையே சுவாசிப்பதால் விடியற்காலையில் மிகவும் குறைந்துவிடும். அப்போது மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் முண்டியடிக்கும், மேலே வந்து வாய் பிளக்கும். விரட்டலும் விடியலில்தான், இதுவும் விடியலில்தான். ஆகவே நேரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், வாயையும் பாருங்கள். சிவில் மாணவர்களுக்கு ஆய்வகத்தில் வின்க்ளர் சோதனை தெரியும். மூடி போட்ட பாட்டிலில் குமிழி புகாமல் காலை 5 மணிக்கு ஒன்று, மாலை 3 மணிக்கு ஒன்று பிடித்துச் சோதித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.