அறிவியல் பக்கம்: முட்டை ஓடும் குட்டிக் காரும்

டி.வி.யில மிஸ்டர் பீன் ஓட்டுற பச்சைக் குட்டிக் காரை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுதான் 'மினி'. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. நீளம் சுமார் 3 மீட்டர்தான். 2000 வரை 53 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

அடுத்த முறை உற்றுப் பாருங்க. முன் கண்ணாடியின் மூலையிலிருந்து கீழே ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு இறங்கும். பின்னாலும் அப்படித்தான். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்ட மாதிரி தையல் தெரியும்!

ஏன் வெளியே வைத்தார்கள்?
இரண்டு தகட்டின் ஓரத்தையும் மடித்துச் சேர்த்து வைத்து, செம்பு முனைகளால் இருபுறமும் அழுத்தி மின்சாரம் விடுவார்கள். இதுதான் ஸ்பாட் வெல்டிங். நாம் படித்த ஜூல் விதிதான் இங்கே வேலை செய்கிறது.

வெப்பம் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை × நேரம்

தகடுகள் தொடும் இடத்தில் மின்தடை அதிகம். அங்கேதான் சூடேறி உருகி ஒட்டும். ஒரு புள்ளிக்கு ஒரு நொடிகூட ஆகாது. விளிம்பு வெளியே இருந்தால் கருவியால் கவ்வுவது சுலபம், காருக்குள் இடமும் மிச்சம்.

வெட்டினால் என்ன?
வண்டி வழவழன்னு இருக்கணும்னு சிலர் இந்த விளிம்பை வெட்டி எடுத்து, மேலே பட்டி பூசி பெயிண்ட் அடிக்கிறாங்க. இங்கேதான் ஆபத்து. வெல்டிங் புள்ளிகள் எல்லாம் அந்த விளிம்பில்தான் இருக்கு. அதை வெட்டினால் தகடுகளைப் பிடித்திருப்பது வெறும் பட்டிதான். ஓட்டத்தில் அதிர்ந்து அது விரிசல் விடும், தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும்.

நாமக்கல்னா முட்டையும் லாரி பாடியும்தானே! அதை வைத்தே சொல்கிறேன். லாரியில் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள சேஸ். பாடி அதன்மேல் உட்காரும். மினியில் அப்படித் தனிச் சேஸ் கிடையாது. முட்டை மாதிரி, ஓடுதான் தாங்குகிறது. தையல் பிரிந்தால், மோதும்போது உள்ளே இருப்பவரை யார் காப்பாற்றுவது?

சரியான முறை
ஒரே இழுப்பாக வெட்டக் கூடாது. இரண்டு, மூன்று செ.மீ. வெட்டி, தகட்டைத் தட்டிச் சேர்த்து, உடனே வெல்டிங் வைக்கணும். அடுத்த வெட்டு பக்கத்தில் வேண்டாம், தள்ளிப் போகணும். காரணம் வெப்ப விரிவு. 1 மீட்டர் எஃகு 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 1.2 மி.மீ. நீளும். ஒரே இடம் சூடாகி, சுற்றிலும் குளிர்ந்த தகடு விடாமல் பிடித்தால் நெளிந்துவிடும். முழு நீளமும் வெல்டிங் முடிந்த பிறகுதான் கிரைண்டிங், பட்டி. கிரைண்டிங்கின்போது கண்ணாடி கட்டாயம்.

சட்டம்
1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்தது. அதனால் பட்டறையில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்கணும்.

செய்து பாருங்க
ஒரு போஸ்ட் கார்டை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வையுங்க. ஐந்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக வையுங்க. எத்தனையில் வளைகிறது? இப்போது நீள ஓரம் இரண்டையும் 1 செ.மீ. மேல்நோக்கி மடித்து மறுபடி வையுங்க. எண்ணிக்கையைக் குறிச்சுக்கோங்க. விளிம்பு ஒட்டுவதற்கு மட்டுமல்ல, விறைப்புக்கும்தான் என்பது புரியும்.

யோசிங்க: பழைய கார்களில் கதவுக்கு மேலே கூரை ஓரமாக ஓடும் தகரக் காடியையும் வெட்டிவிட்டால், மழையில் கதவைத் திறக்கும்போது என்ன ஆகும்? விடையை எழுதி வகுப்புத் தலைவரிடம் கொடுங்க.