சுவரில் ஒரு சான்று

நுழையும்முன்
பணியிடங்களின் சுவர்களில் கண்ணாடிச் சட்டமிட்ட உரிமங்களையும் சான்றிதழ்களையும் காண்கிறோம். அவை ஏன் பிறர் பார்வையில் படும்படி வைக்கப்படுகின்றன? கடலில் தொடங்கிய ஒரு வரலாற்றையும் பாலாற்றங்கரையில் நிகழ்ந்த ஒரு வழக்கையும் கொண்டு இப்பாடம் விடை தேடுகிறது.

கேட்கப்படாத குரல்

1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்தது. அதனை இயக்க ஒருவரே இருந்தார். அவர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். உதவி கேட்டு எழுந்த குரல் அக்கப்பலை எட்டவில்லை. ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். இதன் விளைவாக, 1914இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு கப்பல்களில் இடையறாத வானொலிக் கண்காணிப்பை வலியுறுத்தியது. பின்னாளில் அமெரிக்கா முதலிய நாடுகளில், உரிமத்தை நிலையத்திலேயே பார்வைக்கு வைக்கும் விதியும் ஏற்பட்டது. 'இங்குப் பொறுப்பேற்பவர் யார்?' என்னும் வினாவுக்குச் சுவரே விடை கூறிற்று.

கைத்திறனும் தாளும்

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் உலகச் சந்தையில் அறியப்பட்டவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய தொழில், பின்னர்க் குரோமிய உப்புகளுக்கு மாறியது. 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தொழிலுக்கு அறிவியல் அடித்தளம் அமைத்தது.

பட்டறிவு மிக்க தொழிலாளி ஈரத்தோலைத் தொட்டே அதன் பதத்தை அறிவார். எனினும், அவர் வேறோர் ஊரில் வேலை கேட்கும்போது அந்த விரல்களின் அறிவைப் புதியவர் எவ்வாறு அறிவார்? சான்றில்லாத திறன் பல நேரங்களில் குறைந்த கூலிக்கே விலைபோகிறது. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் தாம் பணியில் கற்றதை மதிப்பிடச் செய்து சான்று பெறலாம் என்னும் ஏற்பாடு, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றது.

நீர் கேட்ட கணக்கு

தொழிலாளியின் திறனுக்குச் சான்று வேண்டுமெனில், தொழிற்சாலையின் ஒழுங்குக்கும் வேண்டுமன்றோ? 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், கழிவுநீரை வெளியேற்றும் ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறவேண்டும் என்கிறது. வேலூர்ப் பகுதி மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது.

இன்று அயல்நாட்டு வணிகர்கள் தோலின் மென்மையோடு, அது உருவான ஆலையின் நீர்ப் பயன்பாட்டையும் கழிவு மேலாண்மையையும் தணிக்கை செய்த சான்றினையும் கேட்கின்றனர். ஆயினும், சான்று சுவரில் தொங்க, சுத்திகரிப்பு எந்திரம் ஓயுமானால் ஆற்றுநீர் அத்தாளைப் படித்துப் பார்த்துத் தெளிவதில்லை. கருவி இருந்தும் அன்றிரவு அதனருகே செவி இல்லாததே கடலில் நேர்ந்த குறை. உரிமம் என்பது ஊரார் முன் எழுதிக்கொடுத்த வாக்கு. நாள்தோறும் காக்கப்படும்போதே அது மதிப்புப் பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்
இந்தியாவில் 12 வயது நிரம்பியவர் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேயரில் இருந்த உரிமதாரர் பாரதி பிரசாத், பிற தொடர்புகள் அறுந்த நிலையில் வானொலிவழிச் செய்திகளை அனுப்பி உதவினார்.

சிந்தனை வினா
உம் ஊர்த் தொழிலொன்றில் சான்றிதழ் இல்லாத திறனாளர் ஒருவரின் பணியை விளக்கி, அவருக்குச் சான்று எவ்வகையில் துணைபுரியும் என எழுதுக.