வை-ஃபை வரல மச்சி: டிரைவர் கோடு யார்கிட்ட இருக்கு?

போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்காக மாமல்லபுரம் போயிருந்தோம். கடலோரமா ஒரு கம்பத்துல அலை உயரம் அளக்கிற சென்சாரைக் கட்டி, வை-ஃபை வழியா லேப்டாப்புக்கு டேட்டா எடுக்கணும். மறுநாள் ரிவ்யூ. முந்தின ராத்திரி ஹாஸ்டல்ல நான் பண்ண ஒரே தப்பு, உபுண்டுவை அப்டேட் பண்ணினது. பீச்சுல லேப்டாப்பைத் திறந்தா வை-ஃபை ஐகானே காணோம்.

காப்பாத்தினது டீம்மேட் பையில இருந்த ஒரு பழைய லேப்டாப். அவனோட அக்கா செங்கல்பட்டுல அரசுப் பள்ளியில பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்தது. பேட்டரி இருபது நிமிஷம்தான் தாங்கும். ஆனா அதே உபுண்டு, அதே புதுக் கெர்னல், வை-ஃபை உடனே வந்துடுச்சு!

பழசு எப்படி ஜெயிச்சது? டிரைவர் என்பது கெர்னலுக்கும் சிப்புக்கும் நடுவில் பேசும் நிரல். லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் ஃபங்ஷன்கள் நிலையானவை அல்ல. டெவலப்பர்கள் தேவைப்பட்டால் மாற்றிவிடுவார்கள். கெர்னல் சோர்ஸுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் என்றால், மாற்றுபவரே அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெளியே இருக்கும் டிரைவருக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. டி.கே.எம்.எஸ். என்ற கருவி ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அதைத் திரும்பக் கம்பைல் பண்ணப் பார்க்கும். மாறின ஃபங்ஷன் ஒண்ணு மாட்டினா எர்ரர், அவ்வளவுதான். எனக்கு நடந்தது இதுதான்.

இதுல ஒரு வேடிக்கை: என் டிரைவரோட சோர்ஸும் ஓப்பன்தான்! கெர்னலுக்குள்ள சேரல, அதான் பிரச்சினை. ஆனாலும் சோர்ஸ் இருந்ததால யாரோ ஒரு புண்ணியவான் ரெண்டு வாரத்துல பேட்ச் போட்டுட்டார். மூடின பைனரியா இருந்திருந்தா கம்பெனி மனசு வைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

அக்கா லேப்டாப்ல இருந்தது அத்தரோஸ் சிப். அந்தக் கம்பெனியும் ஆரம்பத்துல மூடித்தான் வெச்சிருந்தது. மேட்-வைஃபை என்ற பழைய டிரைவரில் 'ஹால்' என்ற பகுதி பைனரியாக மட்டுமே வந்தது. ஓப்பன்-பிஎஸ்டி டெவலப்பர் ரெய்க் ஃப்ளோட்டர் அதற்குத் திறந்த மாற்று எழுதினார். அதிலிருந்து பிறந்த ஏடிஎச்5கே டிரைவர் 2008-ல் கெர்னல் 2.6.25-ல் சேர்ந்தது. அதே ஆண்டு அத்தரோஸே ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்து கொடுக்க, அது 2.6.27-ல் சேர்ந்தது. பிராட்காம் சிப்புகளுக்கோ ஒரு குழு ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து குறிப்பு எழுத, இன்னொரு குழு அதைப் பார்த்து டிரைவர் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனி தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது 2010 செப்டம்பரில்.

கம்பெனிகள் சொல்லும் காரணம் முழுக்கச் சாக்கு இல்லை. ரேடியோவின் பவரையும் சேனலையும் யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. ஆனால் லினக்ஸிலேயே நாடு வாரியாக விதிகள் கொண்ட பட்டியல் இருக்கிறதே! எனக்கு அந்தக் காரணம் பாதிதான் செல்லுபடி.

டிரைவர் திறந்ததா இருந்தாலும், பல சிப்புகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் மூடியதுதான். இன்டெல் வை-ஃபை அப்படித்தான். 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு வந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன். அந்த டெபியன் மூடிய ஃபர்ம்வேரைப் பல ஆண்டுகள் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கவில்லை. வை-ஃபை இல்லாமல் இன்ஸ்டால் பண்ணித் தவித்தவர்கள் ஏராளம். 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து சேர்த்துவிட்டார்கள். கொள்கைக்காரர்களுக்கு வருத்தம்தான், ஆனா வை-ஃபை இல்லாதவனுக்கு லினக்ஸே போய்ச் சேராதே.

ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போறீங்களா? லைவ் யுஎஸ்பி ஒண்ணு கையில கொண்டு போங்க. பூட் பண்ணி, எதையும் இன்ஸ்டால் பண்ணாம வை-ஃபை வருதான்னு பாருங்க. ஏற்கெனவே லினக்ஸ் ஓடுற லேப்டாப்னா, மாட்-இன்ஃபோ கமாண்டுல டிரைவர் பேரைக் கொடுங்க. ஃபைல் பாதையில 'கெர்னல்' ஃபோல்டர் வந்தா உள்ளே இருக்கிற டிரைவர். 'அப்டேட்ஸ்' வந்தா பெரும்பாலும் என் கேஸ்.

அப்டேட்டுக்கு அப்புறம் வை-ஃபை போயிடுச்சுன்னா பதறாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணி, கிரப் மெனுவுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. பழைய டிரைவர் அங்கேயே இருக்கும். இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அக்கா லேப்டாப்புக்கு சார்ஜ் போட டீக்கடை அண்ணன்கிட்ட பிளக் பாயின்ட்டுக்குக் கெஞ்சியிருக்க வேண்டாம்.